வர்ஜீனியா எனும் ஒரு சோற்றுப் பதம்

2021 நவம்பர் 2 அன்று வர்ஜீனியா மாநில ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் டெர்ரி மெக்காலிஃப் 15,99,470 வாக்குகள் வாங்கினார். நான்கு வருடம் முன்பு அதே கட்சியின் ரால்ஃப் நார்தம் வாங்கியது 14,09,175. அது ஒன்பது சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் கிடைத்த அமோக வெற்றி. மெக்காலிஃப் அதைவிட 1,90,000 வாக்கு கூடுதலாக வாங்கியும் தோற்றுப்போனார். எதிரே நின்ற குடியரசுக் கட்சியின் கிளென் யங்கின் பெற்றது 16,63,158. 2017-ல் அந்தக் கட்சி வாங்கியிருந்தது 11,75,731 தான். நான்கு வருடத்தில் ஏறக்குறைய 4,87,000 வாக்கு ஏறியிருக்கிறது.

"ஜனநாயகக் கட்சிக்காரர்கள் சோர்ந்துபோய் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்" என்ற விளக்கம் அன்று இரவே ஓட ஆரம்பித்தது. மேலே உள்ள நான்கு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே அந்த விளக்கம் பாதிதான் நிற்கும் என்று தெரிந்துவிடும். மக்கள் மனநிலை மாறியதா, எவ்வளவு மாறியது, எங்கிருந்து மாறியது என்பதை ஒரு ஆளுநர் தேர்தலை வைத்து எப்படிக் கணக்குப் போடுவது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதப்போகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆளுநர் என்றதும் நமக்கு ராஜ்பவனும் குடியரசுத் தலைவரின் நியமனமும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் மாநிலத்தின் நிர்வாகத் தலைவர். நம் ஊர்க் கணக்கில் முதலமைச்சர், அதுவும் எம்.எல்.ஏ.க்கள் கூடித் தேர்ந்தெடுக்காமல், மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுக் கொண்டுவரும் முதலமைச்சர். துணை ஆளுநர், அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) ஆகிய பதவிகளுக்கும் வர்ஜீனியாவில் அதே நாளில் அதே வாக்குச்சீட்டில் தனித்தனியாகத் தேர்தல் நடக்கிறது. இந்தத் தனித்தனி என்ற விஷயம் பின்னால் நமக்கு மிகவும் உதவும்.

ஐம்பது மாநிலங்கள் இருக்க, மனநிலையைப் பார்க்க வர்ஜீனியாவை ஏன் எடுக்க வேண்டும்? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். ஆனால் எந்தச் சோற்றை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். வர்ஜீனியாவில் தேர்தல் அதிபர் தேர்தலுக்கு அடுத்த வருடம், ஒற்றைப்படை ஆண்டில் வருகிறது. நியூ ஜெர்சியிலும் அப்படியே. புதிய அதிபர் பதவியேற்றுப் பத்து மாதம்கூட முழுதாக ஆகியிருக்காது. அதைவிட முக்கியமான விஷயம், வர்ஜீனியாவில் பதவியில் இருக்கும் ஆளுநர் அடுத்த தேர்தலில் நிற்க முடியாது. தொடர்ந்து இரண்டு முறை ஆள்வதைத் தடுக்கும் ஒரே மாநிலம் இதுதான். அதனால் பதவியில் இருப்பவரின் சொந்தச் செல்வாக்கு கணக்கில் கலப்பதில்லை. பானையில் மசாலா போடாத வெறும் சோறு.

1977 முதல் 2025 வரை இங்கே 13 ஆளுநர் தேர்தல்கள் நடந்திருக்கின்றன. அவற்றில் 12 முறை வெள்ளை மாளிகையில் எந்தக் கட்சி இருந்ததோ அந்தக் கட்சி இங்கே தோற்றிருக்கிறது. விதிவிலக்கு ஒரே ஒரு வருடம், 2013. ஒபாமா அதிபராக இருந்தபோது இதே மெக்காலிஃப்தான் குடியரசுக் கட்சியின் கென் குச்சினெல்லியை இரண்டரைப் புள்ளியில் வென்றார். மூன்றாவதாக நின்ற லிபர்டேரியன் வேட்பாளர் ஆறரை சதவீதம் வாங்கிய தேர்தல் அது. ஆக, "ஆளும் கட்சி தோற்றது" என்பது வர்ஜீனியாவில் செய்தியே இல்லை. எவ்வளவு தோற்றது என்பதுதான் செய்தி.

அந்த 'எவ்வளவு' என்பதை அளக்க ஓர் அடிக்கோடு வேண்டும். ஒரு வருடம் முன்பு நடந்த அதிபர் தேர்தலில் அதே மாநிலத்தில் இரு கட்சிக்கும் இருந்த வித்தியாசத்தை அடிக்கோடாக எடுப்பதே நல்லது. 2020-ல் பைடன் வர்ஜீனியாவை 10.1 புள்ளியில் வென்றார். 2021-ல் மெக்காலிஃப் சுமார் 2 புள்ளியில் தோற்றார். ஆகவே நகர்வு 12 புள்ளி. இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. வாக்குச் சதவீதத்தின் இறக்கத்தையும் வித்தியாசத்தின் நகர்வையும் கலந்துவிடுவார்கள். ஜனநாயகக் கட்சியின் வாக்குச் சதவீதம் 54.1-லிருந்து 48.6-க்கு, அதாவது ஐந்தரைப் புள்ளிதான் இறங்கியது. ஒருவர் இறங்க மற்றவர் ஏறுவதால் வித்தியாசம் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நகரும். இரண்டு தேர்தல்களை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே அளவுகோல்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

12 புள்ளி நகர்ந்தது சரி. யார் நகர்ந்தார்கள்? இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு கால்குலேட்டர் போதும். ஆளுநர் வேட்பாளர் வாங்கிய வாக்கை, அதே கட்சியின் அதிபர் வேட்பாளர் முந்தைய வருடம் வாங்கிய வாக்கால் வகுத்துப் பாருங்கள். ஆளுநர் தேர்தலுக்கு எப்போதும் கூட்டம் குறைவு. வர்ஜீனியாவில் 2020-ல் பதிவான வாக்காளர்களில் 75 சதவீதம் பேர் வாக்களித்தார்கள்; 2021-ல் 55 சதவீதம். ஆகவே இரண்டு கட்சிக்கும் இழப்பு இருக்கும். யாருக்கு எவ்வளவு மிஞ்சியது என்பதே கேள்வி.

2009-ஐ எடுங்கள். முந்தைய வருடம் ஒபாமா வாங்கியது 19,59,532. ஆளுநர் வேட்பாளர் க்ரீ டீட்ஸ் வாங்கியது 8,18,950. மிஞ்சியது 42 சதவீதம். குடியரசுக் கட்சியின் பாப் மெக்டானல் 11,63,651 வாக்கில், முந்தைய வருட அதிபர் வேட்பாளர் மெக்கெய்னின் வாக்கில் 67 சதவீதத்தைத் தக்கவைத்தார். இங்கேதான் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்ற விளக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒபாமாவுக்காக முதல் முறை வரிசையில் நின்ற இளைஞர்களும் கறுப்பின வாக்காளர்களும் அடுத்த வருடம் பெருமளவில் வரவில்லை.

2017-ல் ஜனநாயகக் கட்சிக்கு மிஞ்சியது 71 சதவீதம். குடியரசுக் கட்சிக்கு 66. இப்போது 2021: மெக்காலிஃப் 66 சதவீதம், யங்கின் 85 சதவீதம்.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துப் பாருங்கள். அறுபத்தாறு என்பது இந்த மாநிலத்தில் புதிதல்ல. மெக்டானல் 67-லும் ஜெயித்திருக்கிறார். மெக்காலிஃப் சராசரியான வேலையைச் செய்திருக்கிறார். அசாதாரணம் இருந்தது மறுபக்கத்தில்: 85. வாக்குச்சீட்டில் டிரம்ப் பெயர் இல்லாமலேயே டிரம்பின் ஆட்கள் திரண்டு வந்தார்கள். கூடவே பைடனுக்குப் போட்ட சிலர் இந்தப் பக்கம் சாய்ந்தார்கள். இந்த இரண்டையும் வெறும் எண்ணிக்கையில் பிரிக்க முடியாது. இந்த முறையின் குறை அது. ஆனால் ஒரு வரம்பு போடலாம். கட்சி மாறும் ஒரு வாக்காளர் வித்தியாசத்தில் இரண்டாகக் கணக்காகிறார். இங்கே ஒன்று குறைகிறது, அங்கே ஒன்று கூடுகிறது. வீட்டில் இருந்துவிடும் வாக்காளர் ஒன்றுதான். யங்கின் வென்ற வித்தியாசம் 63,688. பைடனின் 24 லட்சம் வாக்காளர்களில் 31,845 பேர், நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவானவர்கள், மாறாமல் இருந்திருந்தாலே முடிவு வேறு. மாறும் வாக்காளர்கள் கையளவுதான் என்று சொல்லிப் புறக்கணிக்கும் கட்சிக்காரர்கள் இந்தக் கணக்கைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இனி காரணத்துக்கு வருவோம். 2021 செப்டம்பர் 28 அன்று நடந்த விவாத மேடையில், பள்ளிகளில் எதைக் கற்பிக்க வேண்டும் என்று பெற்றோர்கள் சொல்லக் கூடாது என்ற பொருளில் மெக்காலிஃப் ஒரு வார்த்தை விட்டார். யங்கினின் விளம்பரங்கள் அடுத்த ஐந்து வாரமும் அந்த ஒற்றை வரியைத் திரும்பத் திரும்ப ஒலித்தன. கொரோனாவில் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்து பெற்றோர்கள் நொந்துபோயிருந்த நேரம். வாஷிங்டனுக்கு வடமேற்கே இருக்கும் லவுடன் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) பள்ளி வாரியக் கூட்டங்கள் கூச்சலும் கைதுமாக நடந்துகொண்டிருந்தன. ஆஷ்பர்ன், ஸ்டெர்லிங் பக்கம் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த நாட்கள் நன்றாக நினைவிருக்கும். "பெற்றோர் புரட்சிதான் யங்கினை ஜெயிக்க வைத்தது" என்பது இன்றுவரை சொல்லப்படும் கதை.

அந்தக் கதையைச் சோதிக்க லவுடனுக்கே போவோம். 2020-ல் அங்கே பைடன் சுமார் 1,38,000, டிரம்ப் 82,000. வித்தியாசம் 25 புள்ளி. 2021-ல் மெக்காலிஃப் சுமார் 89,000, யங்கின் 71,000. வித்தியாசம் 11 புள்ளி. நகர்வு 14. மாநிலம் முழுவதற்கும் 12. மிஞ்சிய வாக்கைப் பார்த்தாலும் லவுடனில் 65-க்கு 87. மாநிலத்தில் 66-க்கு 85. நெருப்பின் மையத்துக்கும் பள்ளிச் சண்டையே இல்லாத ஊர்களுக்கும் உள்ள வேறுபாடு இரண்டே புள்ளி. பள்ளி விவகாரம்தான் முதன்மைக் காரணம் என்றால் லவுடன் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அப்படி நிற்கவில்லை.

இன்னும் உறுதியான சோதனை பக்கத்தில் இருக்கிறது. அதே நாளில் நியூ ஜெர்சியிலும் தேர்தல். அங்கே மெக்காலிஃப் இல்லை, அவர் வாய்தவறிய வார்த்தை இல்லை, யங்கினும் இல்லை. பதவியில் இருந்த ஆளுநர் ஃபில் மர்ஃபியே மறுபடி நின்றார். 2020-ல் பைடனுக்கு அங்கே 16 புள்ளி வித்தியாசம். 2021-ல் மர்ஃபி சுமார் 3 புள்ளியில் தப்பித்தார். நகர்வு ஏறக்குறைய 13. வேறு மாநிலம், வேறு வேட்பாளர், வேறு பிரச்சாரம், கிட்டத்தட்ட அதே நகர்வு. தேர்தலுக்குச் சற்று முன்பு மர்ஃபி 11 புள்ளி முன்னணியில் இருப்பதாகச் சொன்ன மான்மத் பல்கலைக்கழகக் கருத்துக் கணிப்பின் இயக்குநர் பின்னர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அந்த மாநிலத்தின் மேலவைத் தலைவர் ஸ்டீவ் ஸ்வீனியை, லாரி ஓட்டுநரான எட்வர்ட் டர் என்ற புதுமுகம் வீழ்த்தியதும் அந்த இரவில்தான்.

மூன்றாவது சோதனை வாக்குச்சீட்டிலேயே இருக்கிறது. வர்ஜீனியாவில் ஒரே கோட்டில் கட்சிக்கு மொத்தமாக ஓட்டுப் போடும் வசதி கிடையாது. ஒவ்வொரு பதவிக்கும் தனியாகக் குறியிட வேண்டும். சிவப்புக் கம்பளி மேல்சட்டை போட்ட பக்கத்து வீட்டுப் பணக்காரர் என்ற யங்கினின் தோற்றமே வெற்றிக்குக் காரணம் என்றால், அவரோடு நின்ற மற்ற இருவரும் பின்தங்கியிருக்க வேண்டும். யங்கின் வென்றது 1.9 புள்ளியில். துணை ஆளுநர் பதவிக்கு நின்ற வின்சம் சியர்ஸ் ஒன்றரைப் புள்ளியில் வென்றார். அட்டர்னி ஜெனரல் பதவிக்கு நின்ற ஜேசன் மியாரெஸ் ஒரு புள்ளிக்குச் சற்றுக் குறைவாக வென்றார். மூவருக்கும் இடையே ஏறக்குறைய ஒரு புள்ளிதான்.

ஆக என் கணிப்பு இது. 12 புள்ளியில் பெரும்பகுதி பொதுவான காற்று. ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறியபோது நடந்த குளறுபடி, ஏறிக்கொண்டிருந்த விலைவாசி, ஓயாத டெல்டா கொரோனா, நாடாளுமன்றத்தில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்த உள்கட்டமைப்பு மசோதா. பைடனின் செல்வாக்கு அந்தக் கோடையில்தான் சரிந்தது. பள்ளி விவகாரமும் மளிகை வரியை நீக்குவேன் என்ற யங்கினின் வாக்குறுதியும் மேலே ஓரிரு புள்ளி. அந்த ஓரிரு புள்ளிதான் முடிவைத் தீர்மானித்தது என்பதும் உண்மை. அதனால் பெற்றோர் புரட்சி என்ற கதை பொய்யல்ல. அளவில் பெரிதாக்கப்பட்ட கதை.

கணக்குப் போடும்போது சறுக்கும் இடங்கள் சில உண்டு. 2020 முதல் வர்ஜீனியாவில் காரணம் சொல்லாமலேயே 45 நாள் முன்கூட்டி வாக்களிக்கலாம். 2021-ல் வாக்குப்பதிவு செப்டம்பர் 17-ம் தேதியே தொடங்கிவிட்டது. மெக்காலிஃப் அந்த வார்த்தையை விட்டபோது ஓட்டுப்பதிவு தொடங்கிப் பதினொரு நாள் ஆகியிருந்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இப்படி முன்கூட்டியே போட்டார்கள். 2017-ல் அது இரண்டு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. சிக்கல் என்னவென்றால், அந்த வாக்குகளை எல்லாம் ஒவ்வொரு கவுண்டியிலும் ஒரே மையச் சாவடியின் பெயரில் எண்ணினார்கள். அவரவர் சாவடிக் கணக்கில் சேர்க்கவில்லை. முன்கூட்டிப் போட்டவர்களில் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் அதிகம். அதனால் நவம்பர் 2-ம் தேதியின் சாவடிவாரி எண்களை மட்டும் எடுத்து 2017-ஓடு ஒப்பிட்டவர்களுக்கு, ஒவ்வொரு தெருவும் குடியரசுக் கட்சிக்குப் பாய்ந்துவிட்டதுபோலத் தெரிந்தது. பின்னர் சட்டத்தைத் திருத்தி முன்கூட்டிய வாக்குகளையும் சொந்தச் சாவடியிலேயே சேர்க்கச் சொன்னார்கள். 2020, 2021 இரண்டுக்கும் கவுண்டி அளவோடு நின்றுவிடுவதே பாதுகாப்பு. வர்ஜீனியாவில் 95 கவுண்டிகளும் எந்தக் கவுண்டியிலும் சேராத 38 நகரங்களும் இருக்கின்றன. 133 வரிகள் கொண்ட அட்டவணை ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை.

இன்னொரு சறுக்கல், கட்சிப் பதிவு. பல மாநிலங்களில் வாக்காளர் பதியும்போதே கட்சியையும் சொல்வார். வர்ஜீனியாவில் அது கிடையாது. "பதிவு பெற்ற ஜனநாயகக் கட்சியினரில் இத்தனை சதவீதம் வந்துவிட்டார்கள்" என்று இந்த மாநிலத்தைப் பற்றி யாராவது சொன்னால், அது ஒரு நிறுவனம் வயது, இனம், வசிப்பிடம் ஆகியவற்றை வைத்துப் போட்ட ஊகம்.

கருத்துக் கணிப்புகளில் கவனிக்க வேண்டியது சல்லடையை. ஃபாக்ஸ் நியூஸ் அக்டோபர் நடுவில் எடுத்த கணிப்பில் மெக்காலிஃப் 5 புள்ளி முன்னே. இரண்டு வாரம் கழித்து எடுத்ததில் யங்கின் 8 புள்ளி முன்னே. இடையில் 13 புள்ளி! ஆனால் அந்த இரண்டாவது கணிப்பில், பதிவான வாக்காளர்கள் எல்லோரையும் சேர்த்தால் இருவரும் ஏறக்குறையச் சமம். நிச்சயம் வாக்களிப்பார்கள் என்று சலித்தெடுத்தவர்களிடம் மட்டும்தான் அந்த 8. மனம் மாறியதைவிட, யாருக்கு ஓட்டுப்போட ஆவல் இருந்தது என்பதே அந்த எண்ணில் தெரிந்தது. உற்சாகமும் மனநிலையின் ஒரு பகுதிதான். ஆனால் அதை மனமாற்றம் என்று படித்துவிடக் கூடாது.

இந்தப் பதம் எவ்வளவு நாள் செல்லும்? 2009-ல் வர்ஜீனியா காட்டிய காற்று 2010-ல் பெருமழையானது. குடியரசுக் கட்சி அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையில் 63 இடங்கள் கூடுதலாகப் பிடித்தது. 2017-ம் அடுத்த வருடத்தைச் சரியாகவே சொன்னது. 2021 சொல்லவில்லை. 2022-ல் சிவப்பு அலை, அதாவது குடியரசுக் கட்சியின் அலை, வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். குடியரசுக் கட்சி கீழவையை 222 இடங்களோடு மயிரிழையில் பிடித்தது, செனட்டில் ஓர் இடத்தை இழந்தது. நடுவே ஜூன் 24, 2022 அன்று கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. வாக்காளரின் கேள்வியே மாறிவிட்டது. யங்கினுக்கே அது 2023-ல் தெரியவந்தது. 15 வாரத்துக்கு மேல் கருக்கலைப்புக்குத் தடை என்பதை முன்வைத்துச் சட்டமன்றத் தேர்தலைச் சந்தித்தார். கீழவை 51-49 என்று கைமாறியது, மேலவை 21-19 என்று ஜனநாயகக் கட்சியிடமே நின்றது. இரண்டே வருடம்.

பிறகு 2025 நவம்பர் 4. ஜனநாயகக் கட்சியின் அபிகெய்ல் ஸ்பான்பெர்கர் சுமார் 15 புள்ளி வித்தியாசத்தில் வென்று வர்ஜீனியாவின் முதல் பெண் ஆளுநராகத் தேர்வானார். தோற்றவர் 2021-ல் துணை ஆளுநரான அதே வின்சம் எர்ல்-சியர்ஸ். 2024-ல் கமலா ஹாரிஸ் இங்கே வென்றது சுமார் 6 புள்ளியில்; ஆக நகர்வு 9-க்கு மேல். நியூ ஜெர்சியில் ஹாரிஸ் சுமார் 6 புள்ளியில் வென்றிருக்க, மிக்கி ஷெரில் சுமார் 14 புள்ளியில் ஆளுநரானார். நகர்வு 8-க்கு மேல். மறுபடியும் இரண்டு மாநிலமும் ஒன்றாகவே அசைந்தன.

மிஞ்சிய வாக்குக் கணக்கைப் போட்டால் வியப்பாக இருக்கும். ஹாரிஸ் வாங்கிய ஏறக்குறைய 23.35 லட்சத்தில் ஸ்பான்பெர்கர் சுமார் 19.7 லட்சத்தைக் கொண்டுவந்தார். 85 சதவீதம். டிரம்பின் 20.75 லட்சத்தில் எர்ல்-சியர்ஸுக்கு வந்தது சுமார் 14.5 லட்சம். 70 சதவீதம். 2021-ஐக் கண்ணாடியில் பார்ப்பதுபோல, பக்கம் மட்டும் மாறியிருக்கிறது. எந்தக் கட்சி வெள்ளை மாளிகையில் இல்லையோ அதன் ஆட்கள் ஆளுநர் தேர்தலுக்கு அதிபர் தேர்தல்போல் திரண்டு வருகிறார்கள். ஆளும் கட்சிக்காரர்கள் வழக்கம்போல் மூன்றில் ஒருவர் தங்கிவிடுகிறார்கள். மத்திய அரசு வேலைகளைக் குறைத்ததும் அக்டோபர் 1 முதல் அரசு முடங்கிக் கிடந்ததும், மத்திய அரசு ஊழியர்கள் நிறைந்த வடக்கு வர்ஜீனியாவில் அந்தக் கோபத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தன. மின்கட்டணமும் வாடகையும் மாநிலம் முழுக்கப் பேச்சாக இருந்தன.

வேட்பாளரால் எவ்வளவு மாறும் என்பதையும் அதே வாக்குச்சீட்டு காட்டியது. அட்டர்னி ஜெனரலாக நின்ற ஜனநாயகக் கட்சியின் ஜே ஜோன்ஸ், அரசியல் எதிரி ஒருவரைச் சுட்டுக் கொல்வதுபற்றி முன்பு அனுப்பிய குறுஞ்செய்திகள் அக்டோபரில் வெளியாகிப் பெரும் சர்ச்சையானது. அவரும் வென்றார், ஆனால் சுமார் 7 புள்ளியில். ஹைதராபாதில் பிறந்த கஸாலா ஹாஷ்மி துணை ஆளுநர் பதவியை ஸ்பான்பெர்கருக்கும் ஜோன்ஸுக்கும் இடைப்பட்ட வித்தியாசத்தில் வென்றார். 2021-ல் ஏறக்குறைய ஒரு புள்ளி இடைவெளியில் மூவர் நின்றார்கள் என்றால், 2025-ல் மூவர் எட்டுப் புள்ளி விரிந்து நின்றார்கள். அந்த எட்டு, ஜோன்ஸ் தானே இழந்தது. காற்று பலமாக இருந்ததால் கரை சேர்ந்தார்.

இதில் இன்னும் முடியாத ஒரு கேள்வி நியூ ஜெர்சியின் பசேயிக் கவுண்டி. லத்தீன் வம்சாவளியினர் பெருமளவில் வாழும் இடம். 2024-ல் டிரம்ப் அங்கே வென்றார். 2025-ல் ஷெரில் இரட்டை இலக்க வித்தியாசத்தில் வென்றார். டிரம்புக்குப் போட்டவர்கள் திரும்பி வந்தார்களா, அல்லது அவர்கள் வீட்டில் இருக்க 2024-ல் வராதவர்கள் இப்போது வந்தார்களா? தேர்தல் இரவின் எந்த எண்ணும் இதற்குப் பதில் சொல்லாது. யார் யாருக்குப் போட்டார் என்பது ரகசியம். யார் வந்து வாக்களித்தார் என்பது பதிவேட்டில் ஏறும். நியூ ஜெர்சியில் அதன் பக்கத்திலேயே கட்சிப் பதிவும் இருக்கும். தேர்தல் முடிந்து சில வாரங்கள் கழித்து அந்தப் பதிவேடு புதுப்பிக்கப்படும்போது, தொலைக்காட்சியில் யாரும் ஆளுநர் தேர்தலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். பசேயிக்கில் இருக்கும் பேட்டர்சன் நகரின் வார்டுகளை இரண்டு வருடத்துக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராக ஒப்பிட வேண்டிய வேலை அப்போதுதான் ஆரம்பிக்கும்.